யாருக்கு யார் கணக்குச் சொல்வது



ஒரு சபையில் உறுப்பினர் என்றால் என்ன அர்த்தம்? கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். என் கேள்வி கணக்கு சம்பந்தப்பட்டது. பகலெல்லாம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அடுத்தவன் பேரேட்டைப் புரட்டுகிறவனுக்கு உலகமே பற்றும் வரவுமாகத்தான் தெரியும் என்று நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். கவிதை எழுதுகிறவனைவிடக் கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் சில அயோக்கியத்தனங்கள் சீக்கிரம் கண்ணில் படும்.

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள எந்தச் சேரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரே தெருவில் அண்ணன் சி.எஸ்.ஐ., தம்பி பெந்தெகொஸ்தே, மச்சான் ஆர்.சி., மாமன் ஆடி மாசம் கூழ் ஊற்றுகிறவர். கல்யாணம், சாவு எல்லாம் ஒன்றாகத்தான் நடக்கிறது. பறை அடிக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் அரைமணி நேரம் சண்டை நடக்கும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர், சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்'. ஒரே ஆள் மூன்று புத்தகத்தில் மூன்று விதமாக இருக்கிறான். இதைப் பித்தலாட்டம் என்கிறார்கள். யார் பித்தலாட்டம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சபை உறுப்பினருக்கு ஒரு சந்தா உண்டு. மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாக்கி ஏறும். பாக்கி ஏறினால் கமிட்டித் தேர்தலில் ஓட்டு இல்லை. பிள்ளைக்குக் கல்யாண ஓலை வாசிக்கும் முன், செத்தவருக்குக் கல்லறையில் இடம் விடும் முன், பல சபைகளில் முதலில் கேட்பது சந்தா கார்டைத்தான். எங்கள் பெரியம்மா ஒருமுறை கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது: "நாம சபைக்கு பாக்கி வெச்சா நம்ம பேர அடிச்சிட்றாங்கோ. சபை நமக்கு பாக்கி வெச்சா யாரு பேரடா அடிக்கறது?"

பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் இருநூறு முந்நூறு வருஷத்துத் தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் நடுநரம்பை அந்தக் கேள்வி தொட்டுவிட்டது.

திருச்சபை ஒழுங்கு என்று ஒன்று உண்டு. சகோதரன் தப்பு செய்தால் முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் இரண்டு பேரோடு போய்ச் சொல், அப்போதும் கேட்காவிட்டால் சபைக்கு முன்னால் வை, அதற்கும் மசியாவிட்டால் அவனை வெளி ஆளாக வை. இது மத்தேயுவில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பஞ்சாயத்தைவிட மேல். ஒருவருக்கொருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் இந்த ஒழுங்கு நம்ம ஊரில் யார்மேல் பாய்ந்தது? குடித்தவன்மேல், இரண்டாம் கல்யாணம் செய்தவன்மேல், சிலம்பம் ஆடப் போனவன்மேல், அம்மன் திருவிழாவில் பறை தூக்கியவன்மேல். சேரிக்காரனைப் பக்கத்தில் உட்காரவிடாதவன்மேல் பாய்ந்ததா?

பாய்ந்தது. அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை நம்மிடமிருந்தே மறைத்துவிட்டார்கள்.

தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் என்கிற வேளாளர் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருக்களில் அவரே முதல்வர். அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் சபைகளை வளர்த்துக்கொண்டிருந்த இராஜநாயக்கன் என்கிற உபதேசியார் இருந்தார். நம்ம ஆள். படை வீரராக இருந்து உபதேசியாரானவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. காரணம் அறிவுக் குறைவோ பக்திக் குறைவோ இல்லை. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். அப்பத்தில் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவனுக்கு, அதை நீட்டுகிற கையில் தீட்டும் இருந்தது.

நூறு வருஷம் கழித்து, 1833இல், கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதியை உடனே, முழுசாக விட வேண்டும். தனித்தனி இருக்கை கூடாது. நற்கருணைக்கு முன்னே யார் பின்னே யார் என்கிற முறை கூடாது. சென்னை வேப்பேரிச் சபையில் அதை வாசித்ததும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து போனார்கள். தஞ்சாவூரிலும் அதே கதை. பாட்டுக்குப் பேர்போன வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர். அவர் பாடல்கள் இன்றைக்கும் சேரிச் சபைகளில் கைத்தாளம் போட்டுப் பாடப்படுகின்றன. பாட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பாடும்போது தெரிந்து பாடுங்கள் என்பேன்.

நம்ம பக்கத்திலும் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி தெரியாதவர் இல்லை. அந்த ஜான் ஆண்டர்சன், ஸ்காட்லாந்து மிஷனரி, 1838இல் சென்னைப் பள்ளியில் பறையர் வகுப்புப் பையன்களைச் சேர்த்ததற்காகச் சாதி இந்துப் பெற்றோர்கள் பள்ளியைக் காலி செய்தார்கள். பையன்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம் என்றார்கள். போங்கள் என்றார் ஆண்டர்சன். பெஞ்சுகள் காலியாயின. அந்தப் பையன்கள் இருந்தார்கள். காலி பெஞ்சுக்குப் பயப்படாத நிர்வாகம் என்பது எவ்வளவு அபூர்வம் என்று பள்ளி நிர்வாகங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் இன்னும் ஒருபடி மேலே போனது. சாதியை விடாதவன் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவெடுத்து, சம்பளம் வாங்கும் உபதேசியார்களையும் சேர்த்து நிறுத்தி வைத்தது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சோதனையைச் சோற்றிலேயே வைத்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறவனைக் கிறித்தவன் என்று எண்ணக்கூடாது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். நம்பிக்கை அறிக்கையை ஒப்பிக்கச் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார்கள். சாதி எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். வாய் எதையும் சொல்லும், தொண்டைக்குழியில் இறங்கும்போது தெரிந்துவிடும்.

பிறகு என்ன ஆச்சு? லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்த மாநாட்டு முடிவில் சேரவில்லை. சாதி சமூக வழக்கம், மதத்தோடு சம்பந்தமில்லை என்றார்கள். கோபித்துக்கொண்டு கிளம்பியவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. ஒரு வங்கியில் கடனைக் கட்டாதவனுக்கு அடுத்த வங்கியில் சிவப்புக் கம்பளம் விரித்தால் எந்த ஒழுங்கு நிற்கும்? விருந்து ஒருநாளோடு முடிந்தது. கல்யாணம் சாதிக்குள்ளேயே நடந்தது. மிஷனரிகளும் சளைத்துப் போனார்கள். சிலர் சாதிக் கிறித்தவர்களின் படிப்பையும் செல்வாக்கையும் நம்பிக் காலம் தள்ள வேண்டியவர்கள். வெள்ளைக்காரத் துரைகளைத் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. தங்கள் வீட்டுப் பந்தியில் எத்தனை தமிழர்களை உட்கார வைத்தார்கள் என்று அவர்களையும் கேட்கலாம். இருந்தாலும் உறுப்பினர் என்ற சொல்லுக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையைச் சாதிக்காரனிடம் கேட்ட ஒரு தருணம் இருந்தது. அதற்கப்புறம் அந்த விலையை நம்மிடம் மட்டுமே கேட்கிறார்கள். மாதச் சந்தாவாக.

கத்தோலிக்கப் பக்கம் வருவோம். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872வாக்கில் கட்டப்பட்டபோது பீடம் ஒன்று, கூடம் இரண்டு. கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கட்டடம். வேளாளருக்கு ஒரு கால், நாடாருக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு கால். காசானல் சாமியார் 1910இல் அந்தத் தடுப்பை எடுத்தார். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம், கோயிலுக்குள் சாதிப்படி தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. தடுப்பு போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

ஆனால் எறையூரில் 2008 மார்ச் 9ஆம் தேதி நடந்தது என்ன? அப்போது விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. செபமாலை அன்னை ஆலயத்தில் தனி இடம், கல்லறை தனி, பிணம் போகும் பாதை தனி. இதற்கு மேல் தாங்காது என்று தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் சேரி வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்க வந்தவர்கள் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பும் ஒரே ஆயரின் மந்தை. ஒரே பதிவேட்டில் பெயர். கல் எறிந்தவனும் கல் வாங்கியவனும் ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள்.

பங்கு என்கிற தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். கத்தோலிக்கர்கள் ஒரு சாமியாரின் எல்லைக்குட்பட்ட சபையைப் பங்கு என்கிறார்கள். நமக்கோ பங்கு என்றால் பாகம். எறையூர்க்காரர்கள் கேட்டது இரண்டையும்தான். பங்கில் பங்கு இல்லை, அதனால் தனிப் பங்கு.

இன்னொரு நுட்பம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். தலித் குடும்பங்களிடம் வரி வாங்குவதில்லை என்பது பல ஊர்களில் கேட்கிற புகார். வெளியே இருந்து பார்க்கிறவன், பணம் மிச்சம்தானே, நல்லதுதானே என்பான். வரி கொடுத்தவனுக்குத்தான் தேர் இழுக்க உரிமை. வரி கொடுத்தவன் தெருவுக்குத்தான் தேர் வரும். வரி வாங்காமல் விடுவதும் ஒருவகைத் தீண்டாமை. எங்கள் தொழிலில் சொன்னால், கணக்கே துவங்கித் தர மறுப்பது. வேடிக்கை பாருங்கள்: சி.எஸ்.ஐ.யில் பணம் கட்டவில்லை என்று பேரை அடிக்கிறார்கள், ஆர்.சி.யில் பணத்தைத் தொட மறுத்துப் பேரை அடிக்கிறார்கள்.

ரோமுக்குத் தெரியாதா? தெரியும். 2003 நவம்பர் 17இல் தமிழ்நாட்டு ஆயர்கள் போயிருந்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தே பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் கிறித்தவர்களுக்கான கொள்கை அறிக்கையே வெளியிட்டது; சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், முதல் தலித் கர்தினால். சந்தோஷம். ஆனால் ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். கருக்கலைப்புக்குச் சபை விலக்கு உண்டு. கல்லறையில் சாதிச் சுவர் வைத்திருக்கிறவனுக்கு உண்டா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரின் மறுபக்கம் படுத்திருக்கிறவர்களின் வாரிசுகளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையாவது நற்கருணை மறுக்கப்பட்டதா?

இப்போது பித்தலாட்டத்துக்கு வருகிறேன். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளி, பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற பங்க் கடை எனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை, தள்ளுபடி. ஆதாரம்! ஒவ்வொரு பங்கு அலுவலகத்திலும், கல்லறைத் தோட்டத்திலும் கொட்டிக் கிடந்த ஆதாரத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்?

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன வழக்கு. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குப் போகிறவர் என்பது காட்டப்பட்டது. வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். ஆக, பதிவேட்டில் பேர் இருந்தால் வேலை போகும், சான்றிதழ் போகும். பதிவேட்டில் பேர் இல்லாவிட்டால் கல்லறை போகும், கமிட்டி ஓட்டு போகும். சேரிக்காரன் மூன்று புத்தகத்தில் மூன்று பெயரோடு திரிவது ஏன் என்று இப்போது புரிகிறதா? தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு, ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளை யாரோடு போட்டி போடுகிறான்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் பட்டியல் தகுதி கொடு என்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. போராட வேண்டிய விஷயம்தான், போராடுகிறோம்.

ஆனால் ஆயர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தில்லியில் ஊர்வலம் போகும்போது 'சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, ஆகவே எங்கள் மக்களுக்குப் பட்டியல் தகுதி கொடு' என்கிறீர்கள். ஊருக்குத் திரும்பிப் பங்குக்கு வந்ததும் 'கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, கலகம் பண்ணாதே' என்கிறீர்கள். எது நிஜம்? இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு காட்டுகிறவனை எங்கள் இன்ஸ்பெக்ஷன்காரர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? சேரிக்காரன் பயத்தால் மூன்று கணக்கு வைத்திருக்கிறான். நீங்கள் வைத்திருப்பது எதனால்?

பெந்தெகொஸ்தேக்குப் போனால் தீர்ந்துவிடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருவுக்கு ஒரு ஓலைக்கொட்டகை, இப்போது ஷீட் கொட்டகை. அங்கே பாயில் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம், கறுப்பான சேரிப் பெண்ணும் கையைத் தூக்கித் தீர்க்கதரிசனம் சொல்லலாம். இது சின்ன விஷயமில்லை, படித்த தோழர்கள் இளக்காரமாகப் பேசுவதை நிறுத்துங்கள். ஆனால் பதிவேடும் இல்லை, கமிட்டியும் இல்லை. தசமபாகம் போகிறது, ரசீது இல்லை. பாஸ்டர், பாஸ்டர் மனைவி, பாஸ்டர் மகன், அதோடு டிரஸ்ட் முடிந்தது. தறி நெய்து கூலி வாங்குகிற பெண் பத்தில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். அந்தக் காசுக்குக் கணக்குக் கேட்டால் 'அபிஷேகம் பண்ணப்பட்டவனை எதிர்க்கிறாயா' என்று சாபம். பெரிய சபைகளில் கணக்கு இருக்கிறதே என்கிறீர்களா? சினாடை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் நியமிக்கிற அளவுக்குத்தான் சி.எஸ்.ஐ. கணக்கும் இருந்தது.

நம்ம பக்கமும் கொஞ்சம் திரும்புவோம். சேரிச் சபையின் கமிட்டியில் அருந்ததியர் எத்தனை பேர்? நம்ம தெருச் சபையில் அவர்கள் வந்து உட்கார்ந்தால் நம்ம பாட்டிகள் நகர்ந்து உட்காருகிறார்களா இல்லையா? குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் செயலாளராக இருக்கிறானே, அந்தம்மா யாரிடம் போய்ச் சொல்வாள்? மத்தேயு சொன்ன அந்த மூன்று படி அவளுக்கு எந்தக் கதவில் போய் முட்டுகிறது? பாஸ்டரை இன்னும் 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் நம்ம சாதிக்காரராகவே இருந்தாலும். (அந்தச் சொல்லில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது, என்னத்த சொல்றது.) மேலே இருக்கிறவனிடம் கணக்குக் கேட்கிறவன் கீழே இருப்பவளுக்குக் கணக்குச் சொல்ல மறுத்தால், அது நாற்காலிச் சண்டை மட்டும்தான்.

அந்தியோகியாவில் ஒரு சம்பவம் நடந்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பேதுரு புறசாதிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து பெரிய மனிதர்கள் வந்ததும் மெதுவாக எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேராகக் கேட்டார். பேதுரு தலைமை அப்போஸ்தலர், பவுல் பின்னால் வந்தவர். முதல் சபைகளில் பெரிய தகராறு சோற்றுப் பந்தியில்தான் வந்திருக்கிறது, நம்ம ஊர் மாதிரியே. அந்த அதிகாரத்தை நம்ம மேடைகளில் பிரசங்கம் பண்ணிக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சபையைவிட்டு வெளியேறு என்று இந்த இதழ் சொல்லாது. வெளியேறியவர்கள் பௌத்தத்துக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் நம் தோழர்கள். ஆனால் கோயில் சுவரில் நம் தாத்தாக்கள் சுமந்த கல் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரமன்ஹீரின் அறிக்கையும், ஆடம் ஆண்ட்ரூ மாதிரியான மிஷனரிகளின் நச்சரிப்பும் சேர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததே, அதற்குப் பின்னால் நம் மக்களின் பட்டினி சாட்சியமாக நின்றது. அந்த நிலத்தை மீட்கப்போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் செத்த இருவர் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒருவர் பெயர் வேதாகமத்திலிருந்து, இன்னொருவர் பெயர் திருப்பதியிலிருந்து. குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. போராட்டத்துக்கும் தெரியவில்லை. பதிவேடு வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது. விட்டுக்கொடுத்துவிட்டு நாம் ஏன் போக வேண்டும்?

உள்ளே இருந்து கேட்போம். சாதிச் சுவரும் தனிப் பாதையும் இருக்கிற பங்கில், அதை இடிக்கிறவரை, வைத்திருக்கிறவர்களுக்கு நற்கருணை நிறுத்தப்பட வேண்டும். 1850இல் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? சந்தா பாக்கிக்காரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறவர்கள், பக்கத்திலேயே சபையின் வரவு செலவையும், நிலம் எத்தனை சென்ட், யாருக்குக் குத்தகை, எவ்வளவுக்கு என்பதையும் ஒட்டட்டும். சந்தா பாக்கிக்காகப் பிணத்தைக் காக்க வைக்கிற வழக்கம் நிற்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டை நம்புகிறவன் கழுத்தில் சுருக்காக்காமல் இருக்க, பட்டியல் தகுதி கிடைக்கிறவரை சபைகள் என்ன செய்யப்போகின்றன என்று ஆயர்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்ச் சபையின் கல்லறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். யார் எங்கே படுத்திருக்கிறார்கள், நடுவில் வேலி உண்டா, கிணறு யார் பக்கம், கமிட்டியில் யார் யார், பெண்கள் எத்தனை, அருந்ததியர் எத்தனை, கணக்கு கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது. கேட்டு, பார்த்து, எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பேரோடு போடுவோம், எழுதியவர் பேர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். இந்த இதழின் வரவு செலவு வழக்கம்போல் பின்அட்டை உள்பக்கத்தில் இருக்கிறது, அச்சகத்துக்கு நாம் வைத்திருக்கிற பாக்கி உட்பட. சந்தா பாக்கியுள்ள தோழர்களும் எழுதலாம்.